ஓட்ஸ் பக்கெட்டுக்கு முதல் ரொட்டி மாவைப் பார்ப்போம்

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறார். இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மலச்சிக்கல் கடுமை. நார்ச்சத்து நிறையச் சாப்பிடச் சொன்னார்களாம். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அங்கிருந்து ஓட்ஸ், டைஜெஸ்டிவ் பிஸ்கட், ஒரு டின் நார்ச்சத்துத் தூள் எல்லாம் வாங்கி அனுப்பினேன். ஒரு கிழமை சாப்பிட்டார். வயிறு ஊதி, முன்னையைவிட மோசமாகிவிட்டது. இப்போது தொடவே மாட்டேன் என்கிறார். “நாங்க ரொட்டியும் சம்பலும் தின்னு வளர்ந்தவங்க, இந்தக் கஞ்சி நமக்கு ஒத்துக்காது” என்கிறார். சில நாட்களில் கொஞ்சம் ரத்தமும் போகிறதாம், மூலம் என்று பக்கத்து லயத்து அக்கா சொன்னாராம். நார்ச்சத்து உண்மையிலேயே அவ்வளவு அவசியமா? தோட்டத்தில் கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ரத்தம் போகிறது, அதை மூலம் என்று சொன்னவர் பக்கத்து லயத்து அக்கா. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். மலம் கழித்து முடியும்போது பளிச்சென்ற சிவப்பில் சொட்டினால் பெரும்பாலும் மூலம்தான், அல்லது ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பு. ஆனால் 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு, அதுவும் ரத்தம் குறைவு என்று ஏற்கெனவே குளிசை கொடுக்கப்பட்டிருக்கும் ஒருவருக்கு, அதை யூகத்தில் விட்டுவிட முடியாது. ரத்தக்குறைவைப் பற்றிக் கிளினிக்கில் பேசியிருக்கிறார்கள், ரத்தம் போவதைப் பற்றி உங்கள் அம்மா அங்கே வாயே திறக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைத்தியருக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. பெருங்குடல் புற்றுநோயும் சில பேருக்கு இப்படித்தான் தலைகாட்டும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பார்த்து, இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வெட்கமாக இருந்தால் பெண் வைத்தியர் பார்க்க முடியுமா என்று கேட்கலாம், நீங்கள் கூடவே நிற்கலாம். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவைப்பட்டால் மேற்கொண்டு பார்க்கப் பெரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள். உடம்பு மெலிந்திருக்கிறதா, மலம் போகிற பழக்கம் அண்மையில்தான் மாறியதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்பதை எல்லாம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: இரும்புச்சத்துக் குளிசை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், அது வழமை. ஆனால் தார் போலப் பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு போனால் அது வேறு கதை. அன்றைக்கே போக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய சாமான் கெட்ட சாமான் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மலைக்குப் போகிற பெண்களிடம் நான் இதைக் கேட்கும்போதெல்லாம் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “தண்ணி குடிச்சா ஒதுங்க எங்க போறது?” காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு சோற்றோடு கொஞ்சம் தண்ணீர். வேண்டுமென்றே குறைத்துக் குடிக்கிறார்கள். மலையில் கழிப்பறை கிடையாது. தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார அட்டை பயம், ஆள் பயம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்ற பயம் வேறு.

நார்ச்சத்து வேலை செய்வதே தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான். நம் குடலால் செரிக்க முடியாத பகுதி அது. செரிக்காமல் பெருங்குடல்வரை போய், தண்ணீரை உறிஞ்சி வைத்து, மலத்தை இளக்கி, பருமனாக்கி, தள்ளிவிடுகிறது. தண்ணீர் போதாவிட்டால் குறைத் தண்ணீரில் பிசைந்த மாவு போல இறுகி உட்கார்ந்துவிடும். தூள் வகைகளில் இது இன்னும் மோசம். அந்த டின்னை நீங்கள் திறந்து பார்த்திருந்தால், ஒரு கரண்டிக்கு ஒரு முழு கிளாஸ் தண்ணீர் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

வயிறு ஊதியதற்குக் காரணம் வேறு. பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் செரிக்காமல் விட்ட நார்ச்சத்தில் ஒரு பங்கை அவை நொதிக்க வைத்துச் சாப்பிடுகின்றன. அப்போது வாயுவும் வருகிறது, கூடவே சில கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. அதில் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் கலங்களுக்கே உணவு. அதாவது அந்த வாயு, நல்லது ஒன்று நடக்கிறது என்பதற்கான அறிகுறியும்தான். ஆனால் பல வருடமாக வெள்ளை மாவுக்குப் பழகிய குடலுக்கு ஒரே கிழமையில் ஓட்ஸும் தூளும் பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுத்தால் அது தாங்காது. மூன்று, நான்கு கிழமை எடுத்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது நார்ச்சத்து அல்ல, அது வந்த வேகம்.

அவ்வளவு அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், சீனி வருத்தம் உள்ளவருக்கு இன்னும் அவசியம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, அதுவும் உணவில் இயற்கையாக இருப்பதாக, வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதற்கு முன்னர், 2019இல், 185 தொடர் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. நார்ச்சத்து மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், நிறையச் சாப்பிட்டவர்களிடம் இருதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும், மொத்தத்தில் மரணங்களும் 15 முதல் 30 சதவீதம்வரை குறைவாக இருந்தன. நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் ஆட்களைப் பிரித்து, உணவை மாற்றிக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளிலும் உடல் எடை, கொலஸ்ட்ரோல், பிரஷர் குறைந்தன. ஆகவே வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது. சீனியைப் பொறுத்தவரை காரணமும் புரிந்த ஒன்றுதான். கரையக்கூடிய வகை நார்ச்சத்து குடலில் கூழாகி, மாச்சத்து சீனியாக மாறி ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. பித்தநீரில் உள்ள அமிலங்களையும் பிடித்துக்கொண்டு வெளியே போவதால் கெட்ட கொலஸ்ட்ரோலும் இறங்குகிறது.

உங்கள் அம்மாவின் ஒரு நாளை உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் கோதுமை மாவில் இரண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல். மத்தியானம் வெள்ளை அரிசிச் சோறு, ஒரு அகப்பை பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. ராவைக்குத் திரும்பவும் ரொட்டி. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் நார்ச்சத்து சுமார் 3 கிராம்தான். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூடத் தேறாது. எல்லாம் சேர்த்து 12, 14 கிராமைத் தாண்டாது. தேவையில் பாதி. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அந்த 14இல் ஒன்றிரண்டு கிராம் சம்பலில் இருந்து வருகிறது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலெடுத்தால் நார் திப்பியோடு போய்விடும், சம்பலில் அப்படியே இருக்கும். அதனால் சம்பலைக் குறை சொல்லாதீர்கள். உப்பையும் அளவையும் மட்டும் கவனியுங்கள், தேங்காயில் கொழுப்பும் உண்டு.

குறையெல்லாம் மாவில். தோட்டத்தில் அரிசியும் மாவும் கணக்கில் கொடுத்த காலத்தில் இருந்து ரொட்டி நம்மோடு இருக்கிறது. காலை இருட்டில் சுட்டு, துணியில் சுற்றி, கூடையோடு மலைக்குக் கொண்டுபோக அதைவிட வசதியான சாப்பாடு இல்லை. அதை நிறுத்திவிட்டு ஓட்ஸ் குடியுங்கள் என்று சொன்னால் 54 வயது அம்மா என்ன, நானே கேட்க மாட்டேன். ரொட்டி இருக்கட்டும். மாவை மாற்றுவோம்.

குரக்கன் மா, அல்லது முழுக் கோதுமையை அப்படியே அரைத்த ஆட்டா மா, இரண்டிலும் 100 கிராமுக்கு 10 கிராம் அளவில் நார்ச்சத்து உண்டு. முதல் கிழமை நாலு பங்கில் ஒரு பங்கு மட்டும் கலந்து கொடுங்கள். அம்மாவுக்கு வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. மூன்றாம் கிழமை பாதிக்குப் பாதி. குரக்கன் கூடும்போது மா ஒட்டாது, தட்டும்போது ஓரம் வெடிக்கும், “இது ரொட்டியா?” என்று பேச்சு வரும். அதற்கு வழி, சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் மூடி வைப்பது. சின்னதாக அரிந்த வெங்காயம், ஒரு பிடி முருங்கை இலை, துருவிய கரட், கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டால் ரொட்டி மெதுவாகவும் இருக்கும், ஆறிய பிறகு மலையில் வைத்துச் சாப்பிடவும் விறைக்காது. ஆட்டா வாங்கும்போது பக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். நார்ச்சத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால் அந்த இலக்கமே போதும், முன்பக்கத்துக் கதிர்ப் படம் வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: குரக்கனிலும் மாச்சத்து இருக்கிறது. நல்லது என்று இரண்டு ரொட்டி சாப்பிடுகிறவர் நாலு சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

காலையும் இரவும் இப்படிப் பாதி மாவு மாறினாலே அந்த இரண்டு வேளையில் 6 கிராமாக இருந்தது 13 கிராம் ஆகிவிடுகிறது. அதோடு பின்னேரத்தில் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கௌப்பியோ கடலையோ பயறோ ஒரு சின்னக் கோப்பை, 100 கிராம் அளவு, 6, 7 கிராம் தரும். நீங்கள் அனுப்பிய ஓட்ஸில் ஒரு நேரக் கஞ்சிக்குப் போடுகிற 40 கிராமில் இருப்பது 4 கிராம். டைஜெஸ்டிவ் பிஸ்கட் இரண்டில் ஒரு கிராம் இருந்தால் அதிகம், சீனியும் கொழுப்பும் தனிக்கணக்கு. ஓட்ஸ் நல்ல தானியம், மறுக்கவில்லை. கொலஸ்ட்ரோலுக்கு நல்லது. ஆனால் அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றை, கொழும்பில் உங்கள் சம்பளத்தில் வாங்கி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

கடலை, கௌப்பி எதுவானாலும் முதல் நாள் ராவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயு குறையும். முதலில் கிழமையில் மூன்று நாள், பிறகு தினமும். அவித்ததில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடச் சொல்லுங்கள், அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மரக்கறி பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் விளைகிற கரட்டும் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. அதைச் சுற்றியிருக்கிற லயங்களில் உருளைக்கிழங்குக் கறிதான் மரக்கறி என்று பேர் வாங்குகிறது. விலை ஒரு காரணம், தெரியும். லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி இடம் இருந்தால் முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, கொஞ்சம் போஞ்சி போதும். ஒரு நேரம் ஒரு மரக்கறி, ஒரு கீரை. போஞ்சி, கரட் 100 கிராமில் 3 கிராம் அளவு கிடைக்கும். நன்றாகக் கழுவுங்கள், மருந்தடித்த மரக்கறி. இலைக்கஞ்சி குடிக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் ஒரு சின்ன விஷயம்: இலையை அரைத்து வடித்து, சக்கையை எறிந்துவிடுகிறோம். நார் முழுக்க அந்தச் சக்கையில்தான். வடிக்காமல் பொடியாக அரிந்து போட்டுக் காய்ச்சுங்கள். அதேபோலப் பழத்தை ஜூஸ் அடித்து வடித்தால் எஞ்சுவது சீனித் தண்ணீர். சீனி வருத்தக்காரருக்கு ஒரு கொய்யாப்பழம், தோலோடு, கடித்துச் சாப்பிடுவது நல்லது. 100 கிராமில் 5 கிராம்வரை நார் இருக்கும். பிலாக்காய்க் கறி வைத்தால் அன்றைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும், இரண்டுமே மாச்சத்துத்தான். அரிசியைச் சிவப்பரிசிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மாவிலும் கடலையிலும் கிடைக்கிற லாபத்துக்கு முன்னால் அது சின்னது.

இரும்புச்சத்துக் குளிசைக்கு வருகிறேன். மலச்சிக்கலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பலருக்கு அப்படி ஆகும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் சொன்னால் வேறு வகைக்கோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கவோ மாற்றிக் கொடுக்கலாமா என்று பார்ப்பார். குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்குகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. குளிசைக்குத் தண்ணீர், சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம். தானியத்திலும் கடலையிலும் இரும்பைத் தடுக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஊறவைப்பது அதைக் குறைக்கும், தேசிக்காய்ச் சாறு அதை ஓரளவு ஈடுகட்டும்.

கடைசியாக, தண்ணீரும் நேரமும். நாளுக்கு ஏழு, எட்டுக் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாயத்தண்ணியும் கஞ்சியும் அதில் சேர்த்திதான். மலையில் குடிக்கத் தயங்கினால், விடியற்காலையில் எழுந்ததும் இரண்டு கிளாஸ், மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு, வேலை முடிந்து ராவைக்குள் மூன்று என்று பிரித்துக் குடிக்கலாம். மலைக்கு ஒரு சின்னப் போத்தல், மடக்கு மடக்காக. சிறுநீரகமோ இருதயமோ பாதித்துத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிறுநீரகத்தில் பிரச்சினை என்றால் கடலை, கீரை அளவையும் அவர்களே சொல்ல வேண்டும்.

காலையில் சூடாக எதையாவது குடித்து, சாப்பிட்ட பிறகுதான் பெருங்குடல் நன்றாக அசையும். சரியாக அந்த நேரத்தில் அம்மா பிரட்டுக்கு (காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு) ஓடிக்கொண்டிருப்பார். வந்த உணர்வை அடக்கி அடக்கி, நாளாக நாளாக உணர்வு வருவதே குறைந்துவிடும். அதனால் கால் மணி நேரம் முந்தி எழும்பி, சுடுதண்ணீரோ பிளேன்டீயோ குடித்து, அரை ரொட்டி சாப்பிட்டுவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காரச் சொல்லுங்கள். முக்க வேண்டாம், மூலத்துக்கு அதுதான் பகை. கீழே குந்துகிற கழிப்பறை என்றால் நல்லது. கொமட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. பல குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்றால் இதுவும் லேசில்லை என்று தெரியும். மலையில் ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொல்லித் துரையிடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்பதை நான் மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன்.

உணவு மாறும்போது சீனியின் அளவும் மாறலாம். அம்மா இன்சுலின் போடுகிறவராகவோ, சீனியைத் தாழ்த்துகிற சில குளிசைகளை எடுப்பவராகவோ இருந்தால் கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வருகிறதா என்று பாருங்கள். ரொட்டி மாவை மாற்றியிருக்கிறோம் என்று கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

அந்த டின் தூளை எறிய வேண்டாம். வைத்தியர் பரிசோதித்து, குடலில் அடைப்போ வேறு கோளாறோ இல்லை என்று சொன்ன பிறகு, ஒரு மாதம் சாப்பாட்டு மாற்றத்தைப் பார்த்தும் மலம் இறுக்கமாகவே இருந்தால், ஒரு தேக்கரண்டியில் தொடங்கலாம். ஒரு முழு கிளாஸ் தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும். படுக்கப் போகும்போது வேண்டாம். மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பிஸ்கட்டை வீட்டில் வேறு யாராவது சாப்பிடட்டும்.